சுவத்துல மாட்டின பாரசீக ஓடு

எங்க வீட்டுச் சுவத்துல எது இருக்கணும்னு ஊரே பேசின காலம் ஒண்ணு இருந்துது. இப்ப நெனச்சாலும் எனக்குப் பத்திக்கினு வருது.

ஆந்திரா தனியாப் பிரிஞ்ச புதுசு. எந்த ஊரு மெட்ராஸுக்குப் போவுது, எந்த ஊரு இங்கேயே நிக்குதுன்னு டீக்கடையில இருந்து தாலுக்கா கச்சேரி வரைக்கும் அதே பேச்சு. நான் விஜயபுரம் பக்கம், தமிழ் வீட்டுப் பொண்ணு. கட்டிக்கினு வந்தது சித்தூருக்கு. எங்க வீட்டுக்காரர் கவர்மெண்ட் ஆபீஸ்ல கிளார்க்கு. வாடகை வீடு, சுண்ணாம்பு அடிச்ச மொட்டைச் சுவரு. காலையில கண்ணைத் தொறந்தா அதும் மூஞ்சியிலதான் முழிக்கணும்.

ஒரு தடவை திருப்பதி போனப்போ, பழைய புஸ்தகம் விக்கிறவன்கிட்ட அட்டை கிழிஞ்ச இங்கிலீஷ் புஸ்தகம் ஒண்ணு கெடந்துது. பொரட்டினா உள்ள அத்தனையும் கலர். பாரசீக தேசத்துல அந்தக் காலத்து மாளிகைச் சுவத்துல பதிச்ச ஓடுங்களாம். எட்டு மூலை நட்சத்திரம், அதுங்களுக்கு நடுவுல இடுக்கு விடாம கூட்டல் குறி, எல்லாம் மயில்கழுத்து நீலம். அப்படியே நின்னுட்டேன். அதை வாங்கி, நாலு பக்கத்தை எடுத்து, அங்கேயே கண்ணாடி போட்டு ஃபிரேம் பண்ணி, பாகாலா வழியா ரயில்ல மடியிலயே வெச்சுக்கினு வந்தேன். கல்யாணமாகி வந்து எனக்கே எனக்குன்னு ஆசைப்பட்டு வாங்கினது அது ஒண்ணுதான்.

மாட்டின அன்னைக்கே ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டம்மா வந்து, "இது எந்த சாமி?"ன்னாங்க. சாமி இல்ல, ஓடுன்னேன். "கூரை ஓட்டையா கண்ணாடி போட்டு மாட்டுவாங்க?"ன்னு சிரிச்சாங்க. சரி, சிரிச்சுட்டுப் போவட்டும்னு விட்டேன்.

வெனை வந்தது வீட்டுக்கார அம்மாவால. தெலுங்குக்காரம்மா, நல்ல மாதிரிதான். அவங்க வாய் சும்மா இருக்காம கொழாயடியில, "ஆ இண்ட்லோ படம் பெட்டாரு", அந்த வீட்டுல படம் வெச்சிருக்காங்கன்னு சொல்லிட்டாங்க. தெலுங்குல மாட்டுற படமும் படம்தான், எல்லை போட்ட மேப்பும் படம்தான். இருக்கிற சூட்டுல ஜனங்களுக்கு எது காதுல ஏறும்? தமிழ்க்காரங்க வீடு, நீலத்துல கோடு கோடா நாலு படம். முடிஞ்சுது கதை. சித்தூரைத் தூக்கி மெட்ராஸ்ல வெச்சு மேப் போட்டு மாட்டிக்கினு இருக்கோம்னு ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சு.

அதோட விட்டுதா? நம்ம தமிழ்க்காரர் ஒருத்தர் வாசல்ல வந்து நின்னு, "எங்க ஊரு எந்தப் பக்கம் விழுந்திருக்குது, காட்டும்மா"ன்றாரு! நட்சத்திரத்தைக் காட்டினேன். அதுல எது தன்னோட ஊருன்னு தேடினாரு மனுசன். தலையில அடிச்சுக்கினேன்.

எங்க வீட்டுக்காரருக்கு வெலவெலத்துப் போச்சு. "வேலை போயிடும், கழட்டிடு." நான் மாட்டேன்னுட்டேன். மேப்பே இல்லாதப்போ எதுக்குக் கழட்டணும்? வந்து பாக்கச் சொல்லுங்கன்னேன். ஆபீசரே ஒரு நாள் சாயங்காலம் வந்துட்டாரு. காபி குடிச்சாரு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கினு நாலையும் பாத்தாரு, விழுந்து விழுந்து சிரிச்சாரு. "சால பாகுந்தி", ரொம்ப நல்லா இருக்குதுன்னாரு. மேப்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லன்னு அவரு வாயாலயே சொல்லிட்டுப் போனாரு. அப்பாடான்னு இருந்துது எனக்கு.

மறுநாள் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், சுவத்துல ஆணி மட்டும் இருக்குது.

"அவருக்குப் பிடிச்சிருந்துது, குடுத்துட்டேன்"ன்றாரு எங்க வீட்டுக்காரர், துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கினே. பயந்து குடுத்திருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். பயம்தான் தீந்துடுச்சே! நல்ல பேரு வாங்க என் பொருளைத் தூக்கிக் குடுத்துட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு அவருக்கு சோறு போட்டேன், பேசல. ரொம்ப நாள் பேசல.

தசராவுக்கு ஆபீசர் வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் போனோம். கூடத்துல வரிசையா என் நாலு படம். அதுல ஒண்ணைத் தலைகீழா வேற மாட்டி வெச்சிருந்தாங்க. ஆபீசர் சம்சாரம் பாவம், ஒண்ணும் தெரியாது. எனக்கு வெத்தலை பாக்கு குடுத்துட்டு, "எங்க வீட்டுக்காரர் எங்கயோ தேடிப் புடிச்சுக்கினு வந்தாரு, எப்படி இருக்குது?"ன்னு தெலுங்குல கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்துக் கண்ணாலயே கெஞ்சுறாரு.

"நான் வாங்கினதும்மா. என்னைக் கேக்காம இவர் தூக்கிக் குடுத்துட்டாரு"ன்னேன். பாட்டு பாடிக்கினு இருந்த பொண்ணு பாதியிலயே நிறுத்திட்டா. அந்தம்மா மூஞ்சி செவந்துபோச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவங்களே ஏறி ஒவ்வொண்ணாக் கழட்டி என் கையில குடுத்தாங்க.

ரெண்டை நான் எடுத்துக்கினேன். ரெண்டை அவர் கையில வெச்சேன்.

தெருவுல வரும்போது, "நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கினு ஆபீஸ் போறது?"ன்னாரு.

"என் பொருளைத் தூக்கினு போனீங்களே, அதே மூஞ்சியோட போங்க"ன்னேன்.