அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் சிரித்தேன்

நான் ஊழியம் செய்யும் ஊரில் தண்ணீர் கேட்டால் மண்டியிட்டுத்தான் கொடுப்பார்கள். ஜாம்பியாவின் கிழக்கு ஓரத்தில், ங்கோனி இன மக்கள் வாழும் சின்னக் கிராமம் அது. போன முதல் வாரம் பக்கத்து வீட்டு ஆக்னெஸ் என் முன்னால் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள். நான் பதறிப்போய் நானும் முழங்காலிட்டேன். அவள் இன்னும் குனிந்தாள். நானும் விடவில்லை. கடைசியில் பாதித் தண்ணீர் தரைக்குப் போனது. ஜெபத்துக்குத் தவிர வேறு எதற்கும் முழங்காலைத் தரையில் வைக்காமல் வளர்ந்தவள் நான். விருந்தாளி பேசாமல் வாங்கிக் குடித்தால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என்னை அனுப்பிவைத்த தாம்பரம் சபைக்கு மாதாமாதம் ஜெபக் கடிதம் எழுத வேண்டும். ஆறு வருடமாக எழுதுகிறேன். நான் எழுதுவதெல்லாம் அற்ப விஷயங்கள்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழும் என் பள்ளிப் பிள்ளைகள், சாயங்காலம் சோளமாவுக் களியோடு வதக்கித் தின்னும் கப்பெண்டா என்கிற பொடிக் கருவாடு. கப்பெண்டா வறுபடும்போது கோவளத்து நெத்திலி வாசனை அப்படியே வரும். அந்தக் களியும் கருவாடும் பக்கத்தில் ஆக்னெஸின் வாயாடித்தனமும் இருந்தால் அன்றைய நாள் எனக்கு நல்ல நாள். சபைச் செயலாளருக்கு இது போதவில்லை. "அக்கா, கொஞ்சம் பவர்ஃபுல்லா எழுதுங்கக்கா. சபையில படிக்கிறப்ப சப்புனு இருக்கு" என்று செய்தி அனுப்புவார். மிஷனரி என்றால் பாடுபட வேண்டும், இல்லையென்றால் பரவசப்பட வேண்டும். சும்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை.

அந்தச் சும்மா சந்தோஷம் என் அம்மாவை என்னிடமிருந்து பிரித்துவிட்டது. எட்டு மாதமாக அம்மா என்னோடு பேசவில்லை. ஒரு மாத விடுமுறையில் வந்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று சொல்ல, வேறொரு சாவிலிருந்து தொடங்க வேண்டும். நான் போன முதல் வருடம் கிராமத்தில் ஒரு பெரியவர் இறந்தார். வேதாகமத்தோடு போய் உட்கார்ந்தேன். ஆக்னெஸ் செத்தவரின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவர் மாதிரியே நொண்டி நொண்டி நடந்து, "கிழவா, என் கடலைக் கொல்லையைக் கொத்தப் பயந்துதானே ஓடிப்போனாய்?" என்று பிணத்தைக் கேட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று, துக்க வீட்டில் இதென்ன கூத்து என்று கத்தினேன். கூட்டம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. வெட்கம் ஆக்னெஸுக்காக அல்ல, எனக்காக என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட பெம்பா இனத்துப் பெண். ஒரு காலத்தில் பெம்பாக்களும் ங்கோனிகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். சண்டை முடிந்த பிறகு கேலி முறைக்காரர்கள் ஆனார்கள். சாவு வீட்டில் வந்து கேலி செய்வது அந்த முறைக்காரர்களின் கடமை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஊர்த்தலைவர் எனக்கு விளக்கிவிட்டு, "அவள் வராவிட்டால் அந்த விதவை இன்னும் அழுதுகொண்டே இருப்பாள்" என்றார். நான் ஆக்னெஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

அப்பா இறந்தது மழைக்காலத்தில். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலைநேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். எங்கள் கிராமத்துப் பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. தலைநகருக்குப் போய் விமானம் பிடித்து வந்து சேர நான்கு நாளாவது ஆகும். "ஃப்ரீசர் பாக்ஸ்ல வெச்சுக்கலாம்க்கா, நீ வா" என்றான் தம்பி ஜெபராஜ். வேண்டாம், காத்திருக்காதீர்கள் என்று சொன்னது நான்தான். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அதே நேரத்தில் என் வீட்டுத் தரையில் கிராமத்துப் பெண்கள் நாற்பது பேர் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடல் தாண்டி எங்கோ செத்த மனிதருக்காக அன்று ஒருத்தியும் வயல் வேலைக்குப் போகவில்லை. தம்பி வீடியோ காலில் காட்டினான். குழி தெரிந்தது. குடைகள் தெரிந்தன. பெட்டியை இறக்கும்போது படம் அப்படியே நின்றுபோனது. லைன் போய்விட்டது என்று நினைத்து போனைப் பாயில் கவிழ்த்து வைத்தேன். அழுகை வரவில்லை.

அப்போது ஆக்னெஸ் எழுந்தாள். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டாள். தரையில் மல்லாந்து படுத்து, கற்பனைப் போனை முகத்துக்கு மேலே பிடித்து, "அலோ! அலோ! கிரேஸ்! கேக்குதா?" என்று அப்பாவின் குரலில் தமிழிலேயே கத்தினாள். அப்பாவுக்கு வீடியோ காலில் போனைப் பிடிக்கக் கடைசிவரை வரவில்லை. அவர் நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான் எப்போதும் தெரியும். "ஐந்து வருடமாக உன் அப்பாவை எனக்குத் தெரியும்," என்றாள் ஆக்னெஸ். "ஒரு நெற்றி, ஒரு ஃபேன். இன்றைக்கு எதைப் புதைக்கிறார்கள்?"

நான் சிரித்தேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாற்பது பேரும் சிரித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்து, பிறகுதான் அழுதேன். ங்கோனி வீட்டுச் சாவில் மட்டும் செய்யும் கேலியை எனக்குச் செய்திருந்தாள். அந்த ஊர் என்னைத் தன் பெண்ணாக எண்ணிவிட்டது என்பது அப்போது புரிந்தது. அப்பா மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன்.

லைன் போகவில்லை. படம்தான் நின்றிருந்தது. நான் ஜெபிப்பது அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று தம்பி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். குழிக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும், பாஸ்டருக்கும், சபைக்கும் என் சிரிப்பு கேட்டது. ஒரு வாரம் கழித்து அவனேதான் சொன்னான். அதன்பின் நான் எத்தனை முறை கூப்பிட்டும் அம்மா போனை வாங்கவில்லை. என்ன விளக்கம் சொல்வது? ஏன் சிரித்தேன் என்பதைவிட, சந்தோஷமாக இருந்தேன் என்பது இன்னும் பெரிய குற்றமாக எனக்கே பட்டது.

போன வாரம் வந்து இறங்கினேன். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து வந்த ஆட்டோக்காரர், "இன்னாக்கா, ஆப்பிரிக்காவா? அங்க சிங்கம்லாம் ரோட்லயே நடந்துகினு கீதாமே?" என்று குஷியாகக் கேட்டார். இல்லை என்றதும் பாவம், முகம் வாடிவிட்டது. வீட்டில் கதவைத் திறந்த அம்மா என் பெட்டியை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, நான் குளிக்க வெந்நீர் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மௌனத்தாலேயே அடக்கியவர். எனக்குத் தாங்கவில்லை.

நேற்று சாயங்காலம் தம்பி பொத்தேரியில் வேலை முடிந்து வருவதற்கு முன், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே பேசினார்.

"அன்னிக்கி நீ சிரிச்ச."

"ஆமாம்மா."

"எனக்குக் கேட்டுது. எல்லாருக்கும் கேட்டுது. பாஸ்டர் ஜெபத்த நிறுத்திட்டாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். கேலி முறை, பாயில் உட்கார்ந்த நாற்பது பேர், கண்ணாடி, அலோ அலோ. நெற்றியா ஃபேனா என்று ஆக்னெஸ் கேட்டதையும் விடாமல் சொன்னேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். பிறகு, "நெத்தியத்தான் பொதச்சோம். மூடறதுக்கு முன்னாடி நாந்தான் கடைசியா முத்தம் குடுத்தேன். ஜில்லுனு இருந்துச்சு. இங்க வந்தவங்கல்லாம் பிரியாணி சாப்ட்டுட்டு அன்னிக்கி சாயங்காலமே கெளம்பிட்டாங்க. எங்கூட யாரும் உக்காரல, கிரேஸ்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் உருவிக்கொண்டு மறுபடி கீரையை எடுத்தார்.

"திரும்பிப் போயிடுவ இல்ல?"

"போகணும்மா."

"நான் போறப்பவும் நீ அங்கதான் இருப்ப."

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப அந்த ஆக்னெஸுக்குப் போன் போடு," என்றார் அம்மா. கண்ணைத் துடைத்து, முடியை ஒதுக்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "அன்னிக்கி என்னக் கேலி பண்றதுக்கு அவளுக்கு ஏதாவது தெரிய வேணாமா? முழுசாப் பாத்து வெச்சுக்கட்டும்."

போட்டேன். ஆக்னெஸ் எடுத்ததும் அவள் மொழியில் கூச்சலிட்டாள். அம்மா தமிழில் பதில் சொன்னார். இருவரும் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. அம்மாவின் முகம் முழுதும் விழும்படி கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். திரையில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். நான் எந்தக் கட்டத்திலும் இல்லை.