நாலெழுத்து ஆசியா

முதல்லயே சொல்லிப்புடுதேன். ஆசியா டீச்சரை 'ஏஷியா'ன்னு கூப்பிடுத ஆளைக் கண்டா எனக்கு ஆகாது. அவ என்ன பூகோளப் புத்தகத்துல வார கண்டமா? மனுஷி. தென்காசியில இருந்து குற்றாலம் போற ரோட்டுல இருக்க எங்க ஸ்கூல்ல மூணாங்கிளாசுக்கு இங்கிலீஷ் டீச்சர். நான் தங்கத்தாய், அங்கன ஆயா. பிள்ளைக மூக்கைத் துடைக்கதும் எஞ்சோலி, கேட்டைத் தொறந்து மூடுததும் எஞ்சோலி.

அவ பேருக்கு இந்த இங்கிலீஷ் எழுத்து வந்த கதைய அவளே எங்கிட்ட சொல்லியிருக்கா. அவ வாப்பா ஆதம் பாய் சவுதியில துறைமுகத்துல பெட்டி தூக்குனவரு. லீவுல வந்தப்ப மகளை ஒண்ணாங்கிளாசுல சேக்கக் கூட்டிட்டுப் போயிருக்காரு. 'பிள்ளை பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுத?'ன்னு வாத்தியாரு கேட்டிருக்காரு. இவரு நெஞ்சை நிமுத்திக்கிட்டு, 'ஏ, எஸ், ஐ, ஏ'ன்னு சொன்னாராம். மனுஷன் இங்கிலீஷ் படிச்சவரு இல்ல. துறைமுகத்துக்கு வார பெட்டி மேல அந்த நாலெழுத்து அடிச்சிருக்கும். கூட வேலை பாத்த வாசுதேவநல்லூர்க்காரரு 'இது ஆசியா'ன்னு வாசிச்சுக் காட்டியிருக்காரு. ஏ அப்பா, எம்மவ பேரு கப்பல்ல வருதுல்லான்னு இவருக்குத் தலைகால் புரியலியாம்.

சும்மா வச்ச பேரும் இல்ல அது. அவங்க மார்க்கத்துல ஒரு கதை உண்டும். பிர்அவ்ன்னு ஒரு கொடுங்கோல் ராஜா, தன்னையே கடவுள்னு கும்பிடச் சொன்னவன். ஊரு பூரா பயந்து கும்பிட்டிருக்கு. அவன் பொண்டாட்டி மட்டும் மாட்டேன்னுட்டா. அவ பேருதான் ஆசியா.

இப்ப வாப்பா இல்ல. சவுதியிலயே மௌத்தாகி அங்கனயே அடக்கம் பண்ணிட்டாங்க. முகத்தைப் பாக்கக்கூட இவளுக்குக் குடுத்து வைக்கல. "எக்கா, எங்க வாப்பா எனக்குன்னு எழுதிக் குடுத்தது இந்த நாலெழுத்துதான்"னு சொல்லிட்டு ஒருநாள் அழுதா. நானும் உக்காந்து அழுதேன், வேற என்னத்தச் செய்ய.

அவ பாடம் நடத்துததை நீங்க பாக்கணும். மத்த டீச்சர்மாருக ஸ்பெல்லிங்குன்னா பிரம்பை எடுப்பாங்க. இவ கரும்பலகையில ஒரு ஓரமா கோடு போட்டு, 'சண்டி எழுத்து'ன்னு தலைப்பு எழுதி வச்சிருப்பா. நைஃபுக்கு முன்னால ஒரு கே வந்து வாயத் தொறக்காம நிக்குதுல்லா, அது சண்டி. ஐலண்டுக்கு நடுவுல இருக்க எஸ்ஸும் சண்டி. ஐ முன்னால வரணும், இ பின்னால வரணும், சி-க்கு அடுத்து வந்தா மட்டும் ரெண்டும் இடம் மாறணும்னு ஒரு ரூல் இருக்காம். அதைச் சொல்லிக் குடுத்த கையோட, "இப்ப உங்க சயன்ஸ் புத்தகத்து அட்டையப் பாருங்க"ம்பா. பாத்தா, சி-க்கு அடுத்து ஐ, அப்புறம் இ. ரூலு அட்டையிலயே அடிவாங்கிக் கிடக்கு. பிள்ளைக கெக்கெக்கேன்னு சிரிக்கும். சிரிச்சுச் சிரிச்சே அந்தச் சொல்லு மனசுல ஒட்டிக்கிடும்.

இப்படிப் போய்க்கிட்டு இருக்கையில, இந்த ஜூன் மாசம் சாரலும் வந்துது, புது பிரின்சிபாலும் வந்தாரு. பேரு காந்திமதிநாதன். நல்லா படிச்சவருதான், இல்லன்னு சொல்லல. ஆனா ரூலு, ரூலு, ரூலு! வந்த அன்னைக்கே சுவத்துல 'எழுதியபடி வாசி'ன்னு பெருசா எழுத வச்சாரு. என்னைக் கூப்பிட்டு, "தங்கத்தாய், யாரு வந்தாலும் பேரைக் கேட்டுட்டுத்தான் கேட்டைத் திறக்கணும்"னாரு. டீச்சர்மாருக்கெல்லாம் கழுத்துல தொங்கவிட கார்டு வரும், கார்டு இல்லாம யாரும் உள்ள வரக் கூடாதுன்னாரு. சரிங்க சார்னுட்டேன்.

கார்டு அடிக்கதுக்குப் பேரு சரிபாக்க ஒரு மீட்டிங் போட்டாரு. நான் டீ கொண்டுபோய் வச்சுட்டு அங்கனயே நின்னேன். ஒவ்வொரு பேரா வாசிச்சு வந்தவரு, "ஏஷியா"ன்னாரு.

"ஆசியா, சார்"ன்னு இவ எந்திச்சா.

"எழுதியிருக்கிறதைத்தானே மேடம் வாசிக்க முடியும்? ஆசியான்னா முதல்ல ரெண்டு ஏ போடுங்க, நடுவுல ஒரு ஒய் சேருங்க. இங்கிலீஷ் டீச்சர் பேருலயே ஸ்பெல்லிங் தப்பா இருந்தா பேரண்ட்ஸ் சிரிக்க மாட்டாங்களா?"

ரெண்டு மூணு பேரு குனிஞ்சு சிரிச்சாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. ஆனா இவ குரலை ஒசத்தவே இல்ல.

"சார், பட்டாளத்துக் கர்னலை இங்கிலீஷ்ல எழுதுனா அதுல ஆர் எங்க இருக்கு? இல்லாத ஆரைப் போட்டு வாசிக்கோம். நைஃப்ல இருக்க கே-யை இல்லன்னு வச்சுக்கிட்டு வாசிக்கோம். அதுக்கெல்லாம் வளையுத நாக்கு எம்பேருக்கு மட்டும் வளையாதா?"

"அதெல்லாம் விதிவிலக்கு மேடம்."

"அப்ப என்னையும் விதிவிலக்குன்னு வச்சுக்கிடுங்க சார்."

அதோட விட்டாளா? விடல. "நம்ம ஸ்கூல் போர்டுல இங்கிலீஷ்ல எழுதுன குற்றாலத்துக்கு முன்னால கோர்ட்டைக் கொண்டுவந்து வச்சிருக்கோம். எழுதியபடி வாசின்னா, தினம் கோர்ட்டுக்குல்லா சார் வந்துட்டுப் போறோம்? உங்க பேரையே பாருங்க. காந்தியில வார 'தி'க்கு டாக்டருக்குப் போடுத டி போட்டிருக்கீங்க. மதியில வார 'தி'க்கு டீக்கடைக்குப் போடுத டீ போட்டிருக்கீங்க. ஒரே 'தி'தானே சார்? நாங்க யாரும் சிரிக்கலையே!"

திருப்பி எடுத்த காலி டம்ளரெல்லாம் கையில இருந்த தட்டுல கடகடன்னு ஆடுது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. எம்பேரை இங்கிலீஷ்ல எழுதுனா பேங்க்ல ஒருத்தரு 'தங்கத்தை'ன்னு வாசிப்பாரு. 'தங்கத்தை அடகு வைக்கவா வந்தேன்?'னு நான் அங்கனயே கேட்டவதான். ஆனா பிரின்சிபால் மூஞ்சி சுண்டிப் போச்சு. "திங்கக்கிழமை கார்டு வரும். நான் சொன்ன ஸ்பெல்லிங்தான் இருக்கும். போட்டுக்கிட்டா உள்ள வரலாம். இல்லன்னா வேற ஸ்கூல் பாத்துக்கோங்க"ன்னுட்டு விருட்டுன்னு எந்திச்சுப் போயிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸ்டாப்புல அவளைப் பிடிச்சுக்கிட்டேன். அவ உம்மா மாஜிதாவுக்கு மூட்டுவலி, வீட்டுல சம்பாதிக்கது இவ ஒருத்திதான். "ஏட்டி, ஒரு ஏ-யும் ஒரு ஒய்யும்தானே, போட்டுத் தொலையேன். வேலை போச்சுன்னா என்னட்டி செய்வ?"ன்னு கேட்டேன்.

"ஒய் போட்டாலும் நான் நான்தான் எக்கா. ஆனா எங்க வாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். வேலைய விட்டாலும் விடுவேன், அதை மட்டும் செய்ய மாட்டேன்"னா.

திங்கக்கிழமை விடிஞ்சுது. அன்னைக்குன்னு பாத்து ஸ்கூல்ல ஸ்பெல்லிங் போட்டி. வெளிய இருந்து பெரிய பெரிய ஆளுகளையெல்லாம் கூப்பிட்டிருந்தாரு. முதல்ல மேடை ஏற வேண்டியது மூணாங்கிளாசு. புது கார்டெல்லாம் எங்கிட்டதான் குடுத்து வச்சிருந்தாரு. ஆசியா குடையோட வந்தா. கார்டை நீட்டுனேன். பாத்தா. திருப்பி எங்கையிலயே வச்சுட்டா. "இது யாரோ தெரியல எக்கா"ன்னுட்டு, எதுத்தாப்புல பஸ்ஸ்டாப்பு ஓரமா போய் மலையப் பாத்து நின்னுக்கிட்டா. கூட்டிட்டு வந்து உள்ள விட்டா என் வேலையும் போயிரும். 'இவரெல்லாம் ஒரு மனுஷனா'ன்னு வாய்விட்டே திட்டுனேன்.

உள்ள என்ன நடந்துதுன்னா, மூணாங்கிளாசுப் பிள்ளைக மேடை ஏற மாட்டேன்னுட்டுதுக. ஸ்ரீமதின்னு ஒரு பொடிசு இருக்கா, உள்ளங்கை அளவுதான் இருப்பா. அவதான், "எங்க ஆசியா மிஸ் வந்தாத்தான் சொல்லுவோம்"னு தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாளாம். அவ உக்கார, மொத்தக் கிளாசும் உக்காந்துட்டு. வந்த பெரிய ஆளுக வாட்சைப் பாக்காங்க. பிரின்சிபால் சாரல்ல நனைஞ்சுக்கிட்டே கேட்டுக்கு ஓடி வாராரு. புது கார்டை மாட்டாத வரைக்கும் அவருக்கு அவ ஏஷியாதான் போல.

"ஏஷியா மேடம்! உள்ள வாங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்!"

அவ திரும்பல.

"ஏஷியா மேடம்!"

ம்ஹூம். மலையத்தான் பாக்கா.

"என்ன தங்கத்தாய், அவங்களுக்குக் காது கேக்கலையா?"

"காதெல்லாம் நல்லாக் கேக்கும் சார். நீங்க வேற யாரையோல்லா கூப்பிடுதீங்க"ன்னேன்.

என்னை முறைச்சாரு. நானும் முறைச்சேன். வேலை போனா போகுது, போயேன்னுதான் முறைச்சேன். பிள்ளைகளைக் கொண்டு விட வந்தவங்க நாலஞ்சு பேரு வண்டிய நிறுத்திட்டு வேடிக்கை பாக்காங்க. மனுஷன் கண்ணாடியக் கழத்தித் துடைச்சாரு. மறுபடி மாட்டுனாரு. அப்புறம் தொண்டையச் செருமிக்கிட்டுக் கூப்பிட்டாரு.

"ஆசியா!"

அவ திரும்புனா. "சொல்லுங்க சார்"ன்னா. அந்தத் திரும்புதலைப் பாக்கணுமே!

"பிள்ளைங்க காத்திருக்காங்க, வாங்க"ன்னு சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "கேட்டைத் திற"ன்னாரு.

விடுவனா நான்? பூட்டுல கைய வச்சுக்கிட்டே கேட்டேன்: "யாருக்கு சார்? பேரு கேக்காம தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானே ரூலு போட்டீங்க?"

பல்லைக் கடிச்சாரு. "ஆசியா டீச்சருக்கு"ன்னாரு.

"ஆங், அப்படிச் சொல்லுங்க"ன்னுட்டு ரெண்டு கதவையும் அகலத் தொறந்து விட்டேன். ஒரு ஆளு வாரதுக்கு ஒரு கதவு போதும்தான். எனக்குப் போதாது. உள்ள வந்தவ எங்கிட்ட ஒரு நிமிஷம் நின்னா. "எக்கா, எங்க வாப்பா இதைக் கேட்டிருக்கணும்"னா. கண்ணு நிறைஞ்சு கிடக்கு. "ஏட்டி, சோலியப் போய்ப் பாரு, பிள்ளைக உக்காந்து கிடக்கு"ன்னு விரட்டி விட்டேன். இல்லன்னா நானும்ல்லா அழுதிருப்பேன்.

நாலெழுத்துல கார்டு அடிச்சுத் தாரேன்னு சொல்லியிருக்காரு. இன்னும் வரல. வரும்போது வரட்டும். அதுவரைக்கும் அவ கார்டு இல்லாமத்தான் வாரா. கேட்டுச் சாவி எங்கிட்டல்லா இருக்கு.