ஜன்னல் பக்கத்துக் கன்னம்

மருந்து வேன் ஓட்டுகிறவளுக்கு முகத்தில் இரண்டு வயது. இடது பக்கம் அவளுடைய சொந்த வயதில் இருந்தது. வலது பக்கம் அவளை முந்திக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. கண்ணோரத்தில் கோடுகள், கன்னத்தில் பழுப்புப் புள்ளிகள், வாயோரத்தில் ஒரு தொய்வு. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன புண்ணியம் மாடியில் குடியிருக்கும் நாத்தனாரைச் சேரும். புது போன் வாங்கிய குஷியில் அவளை நேராக நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, பாதி நீங்க, மீதி உங்க அம்மா," என்றாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத பெண் அந்த நாத்தனார். எல்லாவற்றையும் அடுத்தவர் மனதில்தான் வைப்பாள்.

வேலை அப்படி. நகரத்தின் தெற்குக் கோடியில் மருந்துக் கிடங்கு. காலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்புவாள். வழிநெடுக உள்ள மருந்துக்கடைகளில் இறக்கிக்கொண்டே போவாள். கிழக்கு வெயில் வலது ஜன்னல் வழியாக வந்து கன்னத்தில் உட்காரும். மத்தியானத்துக்கு மேல் காலி வேனோடு தெற்கே திரும்புவாள். அப்போது மேற்கு வெயில். அதற்கும் அதே ஜன்னல்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்பியிருந்தாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டால் கிடங்கில் கேலி பேசுவார்கள் என்று கண்ணை இடுக்கிக்கொண்டே ஓட்டினாள். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் துடைக்கிற துணியாலேயே முகத்தையும் அழுத்தித் துடைப்பாள். வீட்டுக்கு வந்ததும் முகத்துக்குத் துணி சோப்பு. கை அழுக்கு போகிற சோப்பில் முக அழுக்கு போகாதா என்பது அவள் கட்சி. வேனை மட்டும் அப்படி நடத்தமாட்டாள். அதற்கு மாதம் தவறாமல் பாலிஷ் உண்டு. நிழல் இல்லாத இடத்தில் அதை நிறுத்த அவளுக்கு மனசே வராது.

கணவர் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் பெயின்டர். அவர் போனபோது இவள் கிடங்குக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் போன மறுமாதமே ஓட்டுநர் இடம் காலியாகி, நான் ஓட்டுகிறேன் என்று துணிந்து சாவியை வாங்கினாள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டார் அவர். கிளம்பிய அன்று வாசலில் நின்று, "நான் திரும்பி வர்றப்போ நீ இப்படியே இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகச் சொன்னதுதான். அதை இவள் தலையில் அடித்துச் செய்த சத்தியம்போல எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் படம் எடுத்த நாள் முதல், வீடியோ காலில் அவள் இடது கன்னத்தை மட்டுமே காட்டினாள். சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, காய் நறுக்குகிற சாக்கில் பக்கவாட்டில் திரும்பியே பேசுவாள். அவரும் நேராகப் பார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் பக்கத்தில் எப்போதும் அரை இருட்டு. தலையில் கம்பெனித் தொப்பி, புருவம் வரைக்கும். ரூமில் லைட் சரியில்லை என்பார். இவளுக்கு அது வசதியாகவே இருந்தது.

அப்படிப்பட்டவர், ஒப்பந்தம் முடிந்தது, அடுத்த மாதம் வந்துவிடுகிறேன், இனி போகப்போவதில்லை என்று ஒருநாள் சொன்னார். சந்தோஷத்தில் கத்தியைக் கீழே போட்டாள். போனை வைத்த அடுத்த நிமிஷமே கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இத்தனை நாள் கட்டிக்காத்த குட்டு வெளிப்படப் போகிறது. இப்படியே இருக்கச் சொன்ன மனிதர், இப்படி ஆகிப்போனவளைப் பார்த்து என்ன நினைப்பார்? வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். கண் காட்டிக்கொடுத்துவிடுமே. அந்த ஒரு பார்வைக்குத்தான் அவள் பயந்தாள்.

சரக்கு ஏற்றியே பழகிய மூளை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. வேனில் ஒரு பக்கம் பாரம் கூடினால் மறுபக்கம் நான்கு பெட்டி வைத்துச் சமன்செய்வதில்லையா? இரண்டு கன்னமும் ஒன்றுபோல ஆகிவிட்டால் யாருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில், நிழல் தேடி நிறுத்துகிறவள் கொளுத்துகிற வெயிலில் வேனை நிறுத்தினாள். இடது பக்க சீட்டில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கி, இடது கன்னத்தை வெளியே நீட்டிக்கொண்டு சாப்பிட்டாள். ஓட்டுகிற வேனில் ஐந்து வருஷம் வெயில் செய்த வேலையை நிறுத்திய வேனில் சில வாரங்களில் முடித்துவிடலாம் என்பது கணக்கு. இதையெல்லாம் யோசிக்கிற நேரத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்குத் தோன்றவில்லை.

கன்னம் சமன் ஆகவில்லை. சிவந்து, எரிந்து, தோல் உரிந்தது. வடக்குக் கோடி மருந்துக்கடையில் பெட்டியை இறக்கியபோது, கடைக்காரி அவளை நிறுத்தி விசாரித்தாள். இருவரும் நாள் தவறாமல் பேசிச் சிரிக்கிறவர்கள்தான். அன்று விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஊருக்கெல்லாம் மருந்து கொண்டுபோறீங்க, ஒரு டப்பாவையாவது திருப்பிப் படிச்சீங்களா?"

பிறகு உட்காரவைத்து விளக்கினாள். ஜன்னல் கண்ணாடி தோலைச் சிவக்க வைக்கிற வெயிலைத் தடுக்கும். தோலுக்குள் இறங்கிச் சுருக்கம் போடுகிற வெயிலை முழுக்கத் தடுக்காது. கண்ணை இடுக்க இடுக்க அந்த மடிப்பு நிலைத்துவிடும். துணி சோப்பு முகத்தைக் காய வைக்கும். அந்த ஸ்டியரிங் துணியைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுதமுடியாது. வெயில் கிரீம் ஒன்றை எடுத்துக் கையில் திணித்து, உரிந்தது ஆறியபிறகு தினம் கிளம்புமுன் தடவச் சொன்னாள்.

"விழுந்த கோடு மொத்தமும் போயிடாதுக்கா. ஆனா இதோட நிறுத்தலாம். வெயில் படாம பாத்துக்கிட்டா தோல் கொஞ்சம் தேறிக்கும்."

நிறுத்தலாம் என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. அன்றே துணி சோப்பை முகத்திலிருந்து ஓய்வுபெற வைத்தாள். ஆனால் அவர் வருவதற்கு இருந்தது சில நாட்களே. அதற்குள் எது தேறும்?

அவரை அழைத்துவர வேனிலேயே விமான நிலையம் போனாள். கூட்டத்தில் தொப்பியைப் பார்த்ததும் அழுகை வந்தது. அதற்கு நடுவிலும் இடது பக்கத்தைக் காட்டி நிற்க மறக்கவில்லை. அவரும் நேராக வராமல், தள்ளுவண்டியை வளைத்து, தலையைக் குனிந்துகொண்டே வந்தார். ஐந்து வருஷம் கழித்துச் சந்தித்த புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெட்டிகளை ஏற்றினார்கள்.

வண்டியை எடுத்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அவர் இடது சீட்டில் இருக்கிறார். வீடு போகிறவரை நல்ல கன்னம்தான் அவர் பக்கம். அப்படி நினைத்த பிறகே ஞாபகம் வந்தது, அது இப்போது நல்ல கன்னம் இல்லை. இத்தனை நாள் பொத்திப் பாதுகாத்ததைத் தன் கையாலேயே கெடுத்து வைத்திருக்கிறாள்.

"கன்னத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டார் அவர்.

பொய் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. வேனை ஓரம்கட்டி, சாலையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, பாரம், சமன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நெற்றியின் மேல்பாதி அவள் அறிந்த நிறம். அதற்குக் கீழே முகம் முழுக்கக் கறுத்து, தடித்து, கண்ணைச் சுற்றி ஆழமான கோடுகள். தண்ணீரிலிருந்து அடிக்கிற வெயில், அதோடு சிகரெட் வேறு.

"நான் எதுக்கு லைட் இல்லாம பேசினேன்னு நினைச்ச?" என்றார். "சரி, திரும்பு. இத்தனை நாளா ஒரே பக்கத்தைப் பாத்துட்டேன். மத்ததையும் காட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினாள். கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை. பெயின்ட் நாற்றம் போகாத கை ஒன்று வலது கன்னத்தில் மெதுவாகப் பட்டது.

"நான் பக்கத்துல இல்லாத வருஷமெல்லாம் இங்கதான் இருக்கா?" என்றார்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். அவள் பயந்த பார்வை அவர் கண்ணில் இல்லை. கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் இவளும் உடைந்துவிட்டாள். சற்று நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைக்க ஸ்டியரிங் துணியைத் தேடி எடுத்து, கடைக்காரி ஞாபகம் வந்து, தூக்கிப் பின்னால் எறிந்தாள்.

கிரீம் டப்பாவைத் திறந்து முதலில் அவர் மூக்கில் தடவினாள். அவர் சிகரெட்டுக்காகச் சட்டைப்பையில் கைவைத்தார். அவள் பார்த்த பார்வையில் கை தானாக வெளியே வந்தது.

வீடு தெற்கே. மேற்கு வெயில் வழக்கம்போல வலது ஜன்னலில் வந்து காத்திருந்தது. அவர் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்து, முன்விளிம்பை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார். முகத்தின் ஒரு பாதி நிழலானது. அந்தக் கோணல் தொப்பியோடேயே அவள் வீடுவரை ஓட்டினாள்.