ஒயருக்கு இருந்த எண்

கரியாலூருக்கு மேலே ஓர் ஓடைக்கரையில் இரண்டு கருவிகளை அருகருகே நிறுத்திவிட்டு, அவற்றை இணைக்கும் கேபிளுக்காகக் காத்திருந்தோம். ஒன்று, தண்ணீர் ஏறி இறங்குவதை அளந்து பதியும் டேட்டாலாகர். மற்றது, தானே ஓடைநீரை உறிஞ்சிப் புட்டிகளில் நிரப்பும் சாம்ப்ளர். வெள்ளம் ஏறியதும் முதலாவது 'எடு' என்று சொல்லும், இரண்டாவது எடுக்கும். மலையிலிருந்து எவ்வளவு மண் அணைக்குப் போகிறது என்று அதில் தெரியும். கேபிள் இல்லாதவரை சாம்ப்ளர் செவிடு. கருவிகளை ஒரு கோப்பிலும் கேபிளை வேறொரு கோப்பிலும் வாங்கியிருந்தார்கள். அந்த முறையை வகுத்தவர்கள் ஓடைக்கரைக்கு வந்ததில்லை.

கேபிள் வந்து சேர்ந்தபோது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். என்னிடம் களமருதூர்க்காரன் ஒருவன் தினக்கூலியாக இருந்தான். ஐடிஐ படித்தவன். முதல் வெள்ளத்துக்குக் கருவி வேலை செய்துவிட்டால் அவனை நிரந்தர வேலைக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்லியிருந்தேன். அதை நம்பிக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிவைத்திருந்தான்.

கேபிளில் ஆறு கம்பிகள். 'எடு' என்று சொல்லும் மின்துடிப்புக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. மீதி நான்கையும் நறுக்கி டேப் சுற்றிவிட வேண்டும் என்று கிளம்புமுன் அவனுக்குச் சொன்னேன்.

"நாலு பேரு சும்மா குந்திக்கினு இருக்கணுமா சார்? எங்க ஊரு மாதிரி," என்றான்.

மலையடிவாரத்தில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அவன் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினான். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவனுக்குச் சொந்தம்.

"இன்னா மச்சான், தோள்ல ஒயரு? வூட்டுக்குக் கரண்டு இழுக்கிறியா?"

"கவர்மெண்டு வேல மச்சான். வழிய விடு."

"நாங்களும் அதுக்குத்தான்டா மறிச்சிக்கினு கீறோம். நீ மட்டும் தனியா போயி வாங்கிக்குவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஜீப்பை விடமாட்டார்கள், ஆளை விடுவார்கள் என்று தெரிந்தது. "நீங்க திரும்பிப் போங்க சார். டீ குடிச்சிட்டு இவனுங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு நடந்துடறேன். நாளைக்கு மாட்டிடலாம்," என்றான். நான் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினேன்.

அவன் டீயை முடிப்பதற்குள் போலீஸ் வேன் வந்துவிட்டது. மரத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள். ஓட வேண்டிய காரணம் தனக்கில்லை என்று நினைத்தவன் மாட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை நான் காவல் நிலையத்துக்குப் போனபோது கேபிள் மேஜையில் சுருளாக இருந்தது. ஆய்வாளர் அதில் கட்டியிருந்த தகரத் துண்டைப் பார்த்தார். எங்கள் அலுவலகத்தின் இருப்பு எண் அதில் குத்தியிருந்தது.

"இது உங்களுதா சார்?"

"ஆமாம். ஆளும் எங்கள் ஆள்தான்."

"அடையாள அட்டை?"

"தினக்கூலிக்கு அட்டை தருவதில்லை."

"ஆர்டர் காப்பி?"

"அதுவும் இல்லை."

"அப்ப ஒயரு உங்களுது, எடுத்துக்குங்க. ஆளு உங்க ஆளு இல்ல."

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அப்படி ஒருவர் எங்கள் பணியில் இல்லை என்றார்கள். விதிப்படி அது சரி. அந்த விதியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

லாக்கப் கம்பிக்கு உள்ளே இருந்து அவன் கேட்டான்: "ஒயரு கெடச்சிச்சா சார்? மழ வர்றதுக்குள்ள மாட்டிடுங்க." தன் வேலை அந்த ஒயரில்தான் இருக்கிறது என்று அப்போதும் நம்பினான். பிடிபட்ட மற்றவர்களோடு அவனையும் கடலூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

பாதை திறந்ததும் நானே போய் மாட்டினேன். இணைப்பியின் பள்ளமும் முனையும் பொருந்தப் பார்த்துத் திருகி, கம்பிகளை முறுக்கி, சோதனைக்கு ஒரு துடிப்பு அனுப்பினேன். பம்பு முதலில் குழாயை ஊதிச் சுத்தம் செய்தது, பிறகு உறிஞ்சியது, முதல் புட்டியில் தண்ணீர் விழுந்தது. அந்த வாரமே வெள்ளம் வந்து எல்லாப் புட்டிகளும் நிரம்பின. மெட்ராஸிலிருந்து பாராட்டினார்கள். அவன் பெயரைப் பரிந்துரைத்தேன். வழக்கு நிலுவையில் இருப்பவரைப் பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது.

வழக்குகளை வாபஸ் வாங்க வருடங்களாயின. அதற்குள் போராடியவர்கள் கேட்ட தனி ஒதுக்கீடு கிடைத்துவிட்டது. அதன்படி எங்கள் அலுவலகத்தில் ஓர் இடமும் வந்தது. நான் வேலை விளம்பரத்தை எடுத்துக்கொண்டு களமருதூருக்குப் போனேன். மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டான். விளம்பரத்தை வாங்கிப் படித்தான். வயது வரம்பைத் தாண்டியிருந்தான்.

"வயச தளர்த்த ஏதாவது வழி இருக்குதுங்களா சார்? உங்களுக்குத் தெரியாத ரூலா."

இருந்தது. துறையில் ஏற்கெனவே பணியாற்றியவர்களுக்கு வயதைத் தளர்த்தலாம், பணிச்சான்று இருந்தால். சொன்னேன்.

"நான் இருந்தனே சார்," என்றான்.