நியூட்ரலில் போன விண்கலம்

டீசல் வாசனை அடிக்கும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், பேட்டை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து அப்பா எங்கள் தெருவின் கையெழுத்துப் பத்திரிகையைப் புரட்டுவார். தொண்ணூறுகளில் அது மாதம் ஒரே ஒரு பிரதிதான். வீடு வீடாகச் சுற்றி, கடைசிப் பக்கத்தில் ஆளாளுக்கு எழுதிய கருத்துகளோடு திரும்பி வரும். அதில், இயற்பியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் அக்கா ஒரு விண்வெளித் தொடர்கதை எழுதினாள். தாமிரபரணித் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கன ஹைட்ரஜனை அணுக்கரு இணைவில் எரித்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஜனங்களை ஏற்றி, இன்னொரு நட்சத்திரத்துக்குப் போகும் கலம். எனக்கோ பொறுமையே கிடையாது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று மாதாமாதம் அவள் உயிரை எடுப்பேன்.

பாதி வழியில் கலம் வாலை முன்னால் திருப்பிக்கொண்டு, மீதி வழி முழுக்க எஞ்சினை எரித்தேதான் வேகத்தைக் குறைக்கும் என்று அவள் எழுதியதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் பேருந்து ஓட்டுநர்; இறக்கம் கண்டால் "நியூட்ரல்" போட்டு டீசலை மிச்சம் பிடிப்பதில் பெயர் வாங்கியவர்.

"நிக்கதுக்குப் போயி எவனாவது எண்ணெயை எரிப்பானா? பாதியிலயே எஞ்சினை அணைச்சிரச் சொல்லு."

அங்கே ரோடும் இல்லை, காற்றும் இல்லை, அணைத்தால் அதே வேகத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று அக்கா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். அவர் காதில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஆவணியிலேயே கல்யாணம், படிப்பு இதோடு போதும் என்றார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. அந்த மாத அத்தியாயத்தில் கேப்டனை விட்டு எஞ்சினை அணைக்கச் சொன்னாள். ஜனங்களெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, போய்ச் சேரவேண்டிய நட்சத்திரத்தைக் கலம் கடந்து போய்விட்டது.

தெருவே கொதித்தது. வந்த ஆத்திரத்தில் நான் அன்று சாப்பிடவே இல்லை. அப்பா வாசித்து முடித்து அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ளா, இத்தனை பேரை ஏத்திட்டுப் போயி இப்படி அத்துவானக் காட்டுல விட்டுட்டியே?"

"பாதியில அணைச்சா வேற என்னப்பா ஆகும்?"

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டுக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனார். பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் காத்திருக்கவில்லை. அம்மா வெகுநாள் அப்பாவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அக்கா படித்து முடித்தாள், காலேஜில் வேலைக்கும் போனாள். ஆனால் அந்தக் கதையை மட்டும் தொடவேயில்லை. மிச்சமிருக்கிற எரிபொருளை வைத்துத் திருப்பிக் கொண்டுவாயேன் என்று நான் நச்சரித்தால், அது கலத்தை நிறுத்தத்தான் காணும், திரும்பி வரக் காணாது, பொய்யாக ஒரு வரி எழுதமாட்டேன் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அந்தப் பத்திரிகை இல்லை. ஒரு கதைக்காகக் கொதித்த அந்தத் தெருவும் இல்லை. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். கடைசி நாட்களில் நினைவு தப்பித் தப்பி வந்தபோது, ஒரு மத்தியானம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஆளுகளை எறக்கி விட்டுட்டியா, பிள்ளா?"

"எல்லாரும் எறங்கிட்டாவப்பா," என்றாள் அக்கா.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.