வாஷர் டாக்டர்

"ரெண்டு கையையும் ஊனி எழுந்திரிங்க" என்றார் டாக்டர். என் அக்கா அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். பெயர், வயது எதுவும் அவர் கேட்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழப்போன அக்கா, பாதியில் "அம்மா!" என்று வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க" என்று அதன் பிறகுதான் வரவேற்றார்.

கைக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர். ஐம்பத்தெட்டு வயது, பானை வயிறு. தலைமுடி அளவு மெல்லிய நூலால் தையல் போடுகிறவருக்குத் தம் சட்டைப் பித்தானைச் சரியான ஓட்டையில் போடத் தெரியாது. மேஜை இழுப்பறை நிறைய, குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷர்கள்.

அக்கா பல் மருத்துவர். குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்து நான்கு மாதம் ஆகிறது. சாவியைத் திருப்பினால் சுண்டுவிரல் பக்கம் சுருக்கென்று குத்தும். கடவாய்ப் பல்லை எடுக்க மணிக்கட்டைத் திருகத்தானே வேண்டும்? கிளினிக்கை மூடிவிடலாமா என்ற யோசனையில் இருந்தாள்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க டாக்டர்."

"போட்டோல சிரிக்கிறவன் எல்லாம் சந்தோஷமாவாம்மா இருக்கான்?"

அவள் முழங்கையை மேஜையில் நிறுத்தி, மணிக்கட்டு ஓரத்துச் சிறு குழியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அக்கா சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகை அச்சிடாது. "அதேதான்!" என்று பூரித்துப்போய், ஓரம் கிழிந்த வாஷர் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"எலும்புக்கு நடுவுல குருத்தெலும்பு இப்படித்தான் உக்காந்திருக்கும். உங்களுக்கு ஓரம் பிஞ்சிருக்கு. திருகும்போதுதான் தெரியும்."

ஆறு வாரம் கட்டு, கழற்றவே கூடாது. மூன்றாம் வாரமே அக்கா அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பல் பிடுங்கினாள். வலி இரட்டிப்பானது.

"யாரோட பல்லு?" என்றார் டாக்டர்.

"வீட்டுக்காரரோடது."

"டைவர்ஸ் பண்ணியிருக்கலாமே, கைக்கு வலிச்சிருக்காது."

சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. "இனிமே கட்டு போதாதும்மா. சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுத் தைக்கணும். பழையபடி ஆயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அக்கா அழுதுவிட்டாள். அவர் தம் கைக்குட்டையை எடுத்து, முகர்ந்து பார்த்து, திரும்பப் பைக்குள் திணித்துக்கொண்டு, பஞ்சுச் சுருளை நீட்டினார்.

தைத்தார். முழங்கைக்கு மேல்வரை கட்டு, பிறகு ஈரத்துண்டு பிழியும் பயிற்சி என்று ஐந்து மாதம் ஓடியது. வலி போயிற்று, பயம் போகவில்லை. பல் பிடுங்க வருகிறவர்களை மட்டும் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவாள்.

"எத்தனை பல்லு எடுத்தீங்க?" என்று கடைசிப் பரிசோதனையில் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல. பாதியில பிடி விட்டுட்டா?"

அவர் தம் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.

மறுநாள் காலை அக்காவின் கிளினிக்கில் முதல் ஆளாக, வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு மாசமா ஆடுதும்மா. பயந்துகிட்டு யார்கிட்டயும் காட்டல."

அக்கா பார்த்தாள். எடுக்க வேண்டிய பல்தான். "நல்ல டாக்டரா ஒருத்தர்கிட்ட அனுப்புறேன் சார்."

"இந்தக் கையைத் தைச்சவன் நான். எனக்கு இது போதும்."

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு அக்கா இடுக்கியை எடுத்தாள். அவருடைய கால்கள் இரண்டும் பயத்தில் பின்னிக்கொண்டன. கண்களை இறுக மூடிக்கொண்டு, வாயை ஆவென்று திறந்தார்.