கறுப்பு வெள்ளையில் பார்த்த கார்

விபத்தில் நசுங்கிய கார்க் கதவைச் சீர்செய்து சாயம் பூசினால், பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. பட்டறைப் பெயிண்டரான அவர் பூசிய கதவுகளில் அது தெரிந்ததேயில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாகக் கண்ணளவிலேயே நிறம் கலந்தவர் என்பதால், பட்டறையில் அவருக்கு ‘ஷேடு’ என்று பெயர்.

தாயில்லாத வீட்டில் அவரை வளர்த்தவர் அவருடைய அக்கா. சிறு வயதில் இருவரும் சனிக்கிழமைதோறும் எதிர்வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு துப்பறியும் தொடரைப் பார்த்தார்கள். அதில் துப்பறிபவரைவிட அவருடைய கார்தான் புகழ்பெற்றது. நீண்ட மூக்கு, இமை திறப்பதுபோல் மேலெழும் முகப்பு விளக்குகள். எதிர்வீட்டுத் தொலைக்காட்சியோ கறுப்பு வெள்ளை. காரின் நிறம் சிவப்பு என்றார் அக்கா. நீலம் என்று தம்பி சாதித்தார். நாற்பது ஆண்டுகளாகியும் வழக்கு முடியவில்லை. தேடிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள இருவருக்கும் மனமில்லை. சண்டை போட ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது.

பிறகு அக்காவின் கண்களில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்றார் மருத்துவர்.

“கண்ணு போறதுக்கு முன்னாடி அந்தக் காரை ஒரு தடவ கலர்ல பாத்துடணும்டா. நீ தோத்து முழிக்கிறதையும் பாக்கணும்.”

“போன்ல காட்டட்டுமாக்கா?”

“போன்ல பாத்தா அது வெறும் படம். நீ பெயிண்டர்தானே? செஞ்சு கொண்டா.”

அந்தக் காரின் சிறு மாதிரியைச் செய்ய, ரெசின் என்னும் பிளாஸ்டிக் போன்ற பொருளில் வார்த்த பாகங்களை அஞ்சலில் வரவழைத்தார். உள்ளங்கையில் அடங்கும் கார். பெட்டிக்குள் இருந்த தாள் வழக்கை ஒரே சொல்லில் முடித்துவைத்தது: கரும்பச்சை. இருவருமே தோற்றிருந்தார்கள். அக்காவிடம் அவர் மூச்சுவிடவில்லை. அக்காவே கண்ணால் பார்க்கட்டும்.

உணவு இடைவேளைகளில் வேலை நடந்தது. வார்ப்பில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரில் கழுவினார். ஊசித் துளைகளைப் பட்டிப் பசையால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். ஏழு வாரம் ஓடிவிட்டது. பச்சை பூசிய அன்று அடைமழை. மறுநாளும் சாயம் விரலில் ஒட்டியது. அக்கா படியில் இடறி விழுந்துவிட்டார் என்ற செய்தி அப்போதுதான் வந்தது. பதற்றத்தில், கதவுகளுக்குச் செய்யும் அதே கைப்பழக்கத்தில், காரைச் சூட்டு விளக்கின்கீழ் வைத்தார். இரும்புத் தகடு அந்தச் சூட்டைத் தாங்கும். ரெசின் தாங்கவில்லை. இருபது நிமிடத்தில் கூரை தொய்ந்து, இருக்கைகளின்மேல் படுத்துவிட்டது.

“என்னண்ணே, வண்டி தூங்கிடுச்சு?” என்ற, தகடு நிமிர்த்தும் டிங்கர், அவர் முகத்தைக் கண்டு சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “வெந்நீர்ல போட்டு நிமித்திப் பாக்கலாமாண்ணே?”

நிமிர்த்தியபோது காரின் கூரையைத் தாங்கும் சன்னலோரத் தூண் முறிந்தது.

காருக்கு மாற்று உடல் வந்துசேர ஐந்து வாரமாயிற்று. பூசி, காற்றிலேயே உலர்த்த மேலும் ஒரு வாரம்.

காரைக் கொண்டுபோன காலையில், அக்கா சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது அவருக்கு இனிப் பொருட்டில்லை. தம்பி காரை அவர் கையில் வைத்தார். விரல்கள் மூக்கின் நீளத்தை அளந்து, விளக்குகளின் இமையில் நின்றன.

“அதேதான்டா! அதே திமிரு பிடிச்ச மூக்கு.” பிறகு குரல் தணிந்தது. “சொல்லு, என்ன கலர்?”

வாசலில் நின்ற அக்காவின் மகள் வாயெடுத்தாள். தம்பி கையமர்த்தினார்.

“செவப்புதான்க்கா. நான் தோத்துட்டேன்.”

“அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல?” அக்கா சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. “அலமாரியில வைடி. வர்றவங்க ஒருத்தர் விடாம கேப்பேன், என்ன கலர் சொல்லுங்கன்னு.”

தம்பியின் கை நீண்டது. “இரு அக்கா, பாலிஷ் பாக்கி இருக்கு. ஒரு வாரத்துல தர்றேன்.”

படிக்கட்டுவரை வந்த மகள், “பச்சைதானே மாமா சரி?” என்றாள்.

“சரிதாம்மா.”

மறுநாள் உணவு இடைவேளையில் அவர் சிவப்பைக் கலந்தார். ஒப்பிட்டுப் பார்க்க எதிரில் ஒன்றுமில்லை. தவறான நிறம் என்று அறிந்தே பூசியது அவர் வாழ்நாளில் அது ஒருமுறைதான். மழை விடவில்லை. சூட்டு விளக்கின் பக்கமே போகாமல் ஆறு நாள் உலரவிட்டார். அவசரப்பட இனி ஒன்றுமில்லை.